மலைப் பாதையில் நாலு சக்கரமும் காட்டுப் பூக்களும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, "வேலை, சம்பளம், மேற்படிப்பு எல்லாம் போன வருஷமே பேசியாச்சு, நீ வேற ஏதாவது பேசுப்பா" என்றார். சரி, லீவு நாளில் நான் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கன்னிசன் நேஷனல் ஃபாரஸ்ட் என்று ஒரு மலைக்காடு இருக்கிறது. அங்கே ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு போவதும், வழியில் பூத்திருக்கும் காட்டுப் பூக்களைத் தேடிப் பார்ப்பதும்தான் அந்தக் காரியம். புகை விடுகிற வண்டிக்கும் பூவுக்கும் எப்படி ஒத்துவரும் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. நேஷனல் ஃபாரஸ்ட் என்பது அந்நாட்டு விவசாயத் துறையின் கீழ், 1905-ல் தொடங்கிய ஃபாரஸ்ட் சர்வீஸின் பொறுப்பில் உள்ள காடு. அங்கே மரம் வெட்டலாம், மாடு மேய்க்கலாம், வேட்டையாடலாம், அனுமதித்த பாதையில் வண்டியும் ஓட்டலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் வரைமுறை உண்டு. கன்னிசன் காட்டில் டெய்லர் பார்க் என்ற பகுதிதான் ஏ.டி.வி. ஓட்டுபவர்களுக்குப் பிடித்த இடம். 1880-களில் தங்கமும் வெள்ளியும் தேடி வந்தவர்கள் போட்ட பாதைகள் இன்றும் அங்கே பயன்படுகின்றன. டின்கப் என்ற சிற்றூரிலிருந்து பிட்கின் என்ற ஊருக்குப் போகும் பாதை, கம்பர்லாண்ட் கணவாயில் 12,000 அடிக்கும் சற்று மேலே ஏறி இறங்குகிறது. நம் தொட்டபெட்டா சுமார் 8,650 அடி, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் மரமே கிடையாது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. என்ஜினும் மூச்சு வாங்கும், ஓட்டுகிறவருக்கும் மூச்சு வாங்கும்.

ஜூலை மாதம்தான் பூக்காலம். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். ஏன்னா, மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்துவிடும். மரமில்லாத உச்சியில் அப்போது நின்றால் ஆபத்து.

கீழே ஆஸ்பென் மரங்களுக்கு நடுவில் கொலம்பைன் பூ தென்படும். நீலமும் வெள்ளையும் கலந்த பூ, பின்னால் நீண்ட வால்கள். 1899 முதல் கொலராடோவின் மாநில மலர் இது. 1925-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்: பொது நிலத்தில் வேரோடு பிடுங்கக் கூடாது, பறித்தாலும் ஒருவர் ஒரு நாளைக்கு 25-க்கு மேல் பறிக்கக் கூடாது.

இன்னும் மேலே ஓடைக்கரையின் ஈர நிலத்தில், நம்மவர்கள் பார்த்தால் சும்மா விடமாட்டார்கள் என்று சொல்லத்தக்க ஒரு பூ இருக்கிறது. எலிஃபன்ட் ஹெட் என்று பெயர். இளஞ்சிவப்பில், ஒவ்வொரு பூவும் அச்சாக யானைத் தலை: நெற்றி, இரண்டு காது, வளைந்து தூக்கிய தும்பிக்கை. ஒரே காம்பில் வரிசையாகப் பிள்ளையார்கள் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனாள்.

மானுமென்ட் பிளான்ட் என்று இன்னொன்று. இருபது வருஷம் முதல் எண்பது வருஷம் வரை கூட, தரையோடு படிந்த இலைக் கொத்தாகவே இருக்கும். பிறகு ஒரு கோடையில் ஆள் உயரத்துக்குத் தண்டு விட்டு, நூற்றுக்கணக்கில் பூத்து, விதை போட்டுச் செத்துவிடும். மூங்கிலும் நம் குறிஞ்சியும் செய்கிற அதே காரியம்தான்.

மரங்களுக்கும் மேலே போனால் மாஸ் கேம்பியன். பாறை இடுக்கில் பாசி மெத்தை மாதிரி ஒட்டிக்கிடக்கும். முதல் பூ பூக்கவே சுமார் பத்து வருஷம் ஆகும். கால் நூற்றாண்டில் அந்த மெத்தை ஒரு சாண் அகலம் கூட வராது. அதாவது, இங்கே உட்கார்ந்திருக்கும் கடைசி வருஷ மாணவரைவிட அதற்கு வயது அதிகம்.

இப்போது மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வண்டி 300 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ என்று வையுங்கள். ஏ.டி.வி. டயரில் காற்று சுமார் 6 பி.எஸ்.ஐ. தான், காரில் 32 இருக்கும். டயர் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அதே 6 பி.எஸ்.ஐ. அளவில்தான். சரி, ஓட்டுபவர் இறங்கி நடக்கிறார். ஒரு காலில் 80 கிலோ, ஷூ தரையில் படும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். போட்டுப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ. தான் வரும்! அப்படியானால் வண்டி செடிமேல் போனால் என்ன, ஆள் நடந்தால் என்ன?

இந்தக் கணக்கைச் சொல்லித்தான் பலர் பாதையை விட்டு வண்டியை இறக்குகிறார்கள். கணக்கில் தப்பில்லை. கேள்விதான் தப்பு. அழுத்தம் செங்குத்தாக இறங்குவது. சக்கரம் வழுக்கும்போது தரையைப் பக்கவாட்டில் பிய்த்து இழுக்கிறதே, அதுதான் வேரை அறுக்கிறது. சாதாரண ஏ.டி.வி. பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியிருக்கும், டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்புகிற ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சக்கரம் தேய்த்துக்கொண்டுதான் போகும். மேலும், கால் தடம் புள்ளி புள்ளியாக விழும். சக்கரத் தடம் தொடர்ச்சியான கோடு. பனி உருகும்போது அந்தக் கோடு வாய்க்காலாகி மண்ணைக் கொண்டுபோய்விடும். அங்கே மண் என்பதே சில அங்குலம்தான்.

ஒரு ஜூலை முதல் வாரம் நாங்கள் நாலு வண்டியில் போனோம். கணவாய்க்குச் சற்றுக் கீழே, பாதையை அடைத்துக்கொண்டு பனிக்கட்டி மேடு. நாலு மணி நேரம் ஏறி வந்திருக்கிறோம். உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. பனியைச் சுற்றிக்கொண்டு, பூ மெத்தைகளின் மேலேயே, எங்களுக்கு முன்னால் யாரோ போன இரண்டு தடங்கள். "அதான் ஏற்கெனவே தடம் இருக்கே, நாம போனா என்ன புதுசா கெட்டுடப் போகுது?" என்றார் ஒரு நண்பர். நல்ல மனிதர்தான், விடுமுறை கிடைப்பதே அபூர்வம், பையனுக்கு உச்சியைக் காட்டுகிறேன் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். பத்து நிமிஷம் வாக்குவாதம். கடைசியில் அவருடைய பையன், பன்னிரண்டு வயசு, அந்தத் தடத்தில் பிய்ந்து கிடந்த ஒரு மெத்தையைக் காட்டி, "இது மறுபடி வர எவ்வளவு நாள் ஆகும்ப்பா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. வண்டிகளைத் திருப்பினோம். நண்பர் இறங்குகிற வழி முழுக்க என்னோடு பேசவில்லை. அந்தக் கோபமும் நியாயமானதுதான் என்று எனக்குப் பட்டது.

இந்த மாதிரி வாக்குவாதம் நாட்டளவிலும் நடந்திருக்கிறது. 1972-ல் ஜனாதிபதி நிக்சன், பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும்படி உத்தரவிட்டார். 2005-ல் ஃபாரஸ்ட் சர்வீஸ் விதியை இறுக்கியது. ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு வரைபடம். அதில் குறித்த பாதையில், குறித்த வகை வண்டி மட்டும்தான் போகலாம். படம் இலவசம். சில பாதைகளில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டி கூடாது. கொலராடோவில் வண்டிக்கு ஸ்டிக்கர் வாங்க வேண்டும். அந்தப் பணத்திலிருந்து பாதைப் பராமரிப்புக்கு உதவி போகிறது. ஓட்டுபவர்கள் ஒழுங்காக நடந்தால்தான் பாதை திறந்திருக்கும்.

டெய்லர் பார்க்குக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், காதிக் என்று கைவிடப்பட்ட ஒரு சுரங்க ஊர். 1928 முதல் அங்கே ராக்கி மவுண்டன் பயாலஜிகல் லேபரட்டரி இயங்குகிறது. டேவிட் இனூயே என்ற விஞ்ஞானி 1973 முதல் சின்னச் சின்னப் பாத்திகளில், எந்தப் பூ எந்தத் தேதியில் எத்தனை பூத்தது என்று எண்ணத் தொடங்கினார். எண்ணுவதற்கு நோட்டும் பென்சிலும் போதும். 39 வருஷக் கணக்கை வைத்து 2014-ல் அவரும் சகாக்களும் சொன்னது: பூக்காலம் 35 நாட்கள் நீண்டுவிட்டது. பனி சீக்கிரம் உருகுகிறது, பூக்கிற தேதிகள் மாறுகின்றன. பொறுமையாக எண்ணியதால்தான் இது தெரிந்தது.

தம்பி தங்கைகளே, இதற்கெல்லாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. 2018-ல் கொழுக்குமலையில் குறிஞ்சி பூத்தபோது ஜீப்பில் ஏறிப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது உங்களில் பலர் வேலையில் இருப்பீர்கள், கையில் சொந்த வண்டியும் இருக்கும். ஜீப்பைப் பாதையிலேயே நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். செடி இல்லாத இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள். எந்தத் தேதியில் எங்கே பூத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டை இதே சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து பேசினால், கேட்க நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.