கொத்தனார் பிள்ளை இஞ்சினீயராகட்டும்

வீடு கட்டப் புறப்படுகிற நம் மக்கள் முதலில் தேடுவது பஞ்சாங்கத்தையும் வாஸ்துக்காரனையுமே. ஆனால், வீடு நிற்பது மண்ணின் தாங்கும் பலத்தாலும், அஸ்திவாரத்தாலும், கம்பி சிமெண்டுக் கணக்காலுமேயல்லாமல், திசையாலும் நாழிகையாலும் அல்ல. அக்கணக்கைக் கற்பிப்பதே சிவில் இஞ்சினீயரிங் படிப்பாகும்.

கல்லும் மண்ணும் சுமந்து அணையும் பாலமும் கட்டியவன் நம்மவன். அவற்றுக்குப் படம் போடும் படிப்பு மாத்திரம் அவனுக்கு ஏன் இல்லாமற் போயிற்று என்று நாம் கேட்கிறோம். மூளைக் குறைவாலா? அல்ல, கதவு சாத்தியிருந்ததால்தான். வகுப்புவாரி உத்தரவு 14 இடத்தைப் பல வகுப்பாருக்கும் பங்கிட்டது. அதையும் பொறாமல் வழக்குப் போட்டார்கள். அவ்வழக்குகளில் ஒன்று கிண்டி இஞ்சினீயரிங் காலேஜ் இடம்பற்றியதே. 1951இல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவைச் செல்லாதென்றது. நம் மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். அவ்வருஷமே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது.

இன்றோ, பிளஸ் டூவில் கணக்கு, பௌதிகம், ரசாயன மார்க்கைக் கொண்டே இடம் கிடைக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021ஆம் வருஷச் சட்டப்படி 100க்கு 7.5 இடம் தனியே உண்டு. பத்தாவது முடித்து, பாலிடெக்னிக்கில் 3 வருஷம் டிப்ளமா படித்தவரும் பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம்.

“பெண்ணுக்கு இது எதற்கு?” என்பார்கள். கிண்டியில் சிவில் படித்த பி.கே. திரேசியா 1971இல் கேரள மராமத்து இலாக்காவின் தலைமை இஞ்சினீயரானார். இதற்கென்ன பதில்?

ஆகவே தோழர்களே! ஜாதகத்துக்குக் கொடுக்கும் காசைப் புஸ்தகத்துக்குக் கொடுங்கள். கொத்தனார் மகனும் மகளும் படம் போடட்டும். அதைப் பார்த்து எந்த ஜாதிக்காரன் வேண்டுமானாலும் கல் எடுத்துக் கொடுக்கட்டும்.