காய்ப்பேறிய கைகளும் கைரேகை கேட்கும் கருவிகளும்

(பெங்களூரு பிரேசர் டவுனில் சுமைப்பணித் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு கணம் தம் உள்ளங்கையை விரித்துப் பார்க்க வேண்டும். விரல்கள் உள்ளங்கையோடு சேருமிடத்தில் தோல் வரிசையாகத் தடித்து, மஞ்சளித்து, உணர்ச்சி மங்கிக் கிடக்கும். கை காய்த்துப் போயிற்று என்று மக்கள் சொல்வது இதைத்தான். இந்தக் காய்ப்பு எப்படி வருகிறது, அது யாரைக் காக்கிறது, அதனால் யார் இழக்கிறார்கள் என்பவையே இன்றைய உரையின் பொருள்.

இதைப் பேசப் பிரேசர் டவுன் பொருத்தமான இடம். 1809ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டபோது, படைக்குப் பின்னால் தமிழ் பேசும் உழைப்பாளர்களும் வந்தார்கள். 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைப்பதற்காகத் திட்டமிடப்பட்ட இந்தப் பகுதி, மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைப் பெற்றது. ஊருக்குப் பெயர் அதிகாரியுடையது. கல்லும் சுண்ணாம்பும் சுமந்த கைகளுக்குப் பெயர்ப்பலகை ஏதுமில்லை. இன்றும் மாஸ்க் ரோட்டு உணவகங்களுக்கு அரிசி மூட்டை இறங்குவதும், பழைய வீடுகளை இடித்து எழும் அடுக்குமாடிகளுக்குச் சிமெண்ட் மூட்டை ஏறுவதும் அத்தகைய கைகளால்தான்.

மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கு குறித்து எங்கெல்ஸ் 1876இல் எழுதினார். கை உழைப்புக்கான உறுப்பு மட்டுமன்று, உழைப்பு உருவாக்கிய உறுப்பும் அதுவே என்பது அவர் வந்தடைந்த முடிவு. பல்லாயிரம் தலைமுறைகளில் நிகழ்ந்த அம்மாற்றத்தின் சிறு வடிவம், ஒரு தொழிலாளியின் கையில் சில வாரங்களிலேயே நிகழ்கிறது. புதிதாக மூட்டை தூக்க வந்தவரின் கையில் முதலில் கொப்புளம் எழும். உராய்வும் அழுத்தமும் நாள்தோறும் தொடர்ந்தால், தோலின் மேலடுக்கு விரைவாகப் பெருகித் தடிக்கும். நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதமே அங்கே அடுக்கடுக்காகப் படிகிறது. தன்னைத் தானே காத்துக்கொள்ள உடல் எழுப்பும் சுவர் அது.

அந்தச் சுவர் அளவு மீறினால் வீட்டுக்காரரையே தாக்கும். மேடாக வளர்ந்த காய்ப்பு, பிடியில் மடிந்து, சுமையின் இழுப்பில் அடித்தோலோடு கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் புழுதியும் சிமெண்டும் சேர்ந்தால் புண் ஆறாது. சிமெண்ட் ஈரம் பட்டதும் கடுமையான காரத்தன்மை பெறும். அது தோலை அரிக்கும். அதிலுள்ள குரோமியம் பலருக்குத் தீராத ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே வேலை முடிந்ததும் கையை நன்கு கழுவி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேடான பகுதியை மட்டும் நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தி, எண்ணெய் பூசுவது நல்லது. பிளேடால் சீவக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் தாமாக எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல்களை மடக்கும் வலிய தசைகள் உள்ளங்கையில் இல்லை; முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்புக் கயிறுகள் போல் நாண்கள் விரல்வரை ஓடுகின்றன. நாள் முழுதும் தூக்குபவருக்கு முதலில் களைத்துப்போவது பெரும்பாலும் இந்த முன்கைதான். பிடி தளர்ந்தால் மூட்டை வழுக்கும், வழுக்குவதைத் தடுக்க உடல் திடீரெனத் திரும்பும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதுகு போயிற்று என்று சொல்லப்படும் விபத்துகள் பல, விரல்களில் தொடங்கியவை. சணல் சாக்கு விரலுக்குப் பிடிகொடுக்கும். பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கோ வியர்வைக் கையில் வழுக்கும். போட்டிகளில் பளு தூக்கும் வீரர் வியர்வையை உறிஞ்ச மக்னீசியம் கார்பனேட் பொடியைக் கையில் தடவிக்கொள்கிறார்; ஒவ்வொரு தூக்கலுக்கும் இடையே அமர்ந்து இளைப்பாறுகிறார். சுமைப்பணித் தொழிலாளிக்கு அந்தப் பொடியும் இல்லை, இளைப்பாறலும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 10 டன் லாரியில் 50 கிலோ மூட்டைகள் 200 இருக்கும். நால்வர் இறக்கினால் ஒருவருக்கு 50 மூட்டை. அதாவது 2,500 கிலோ. அது ஒரு லாரிக்கு மட்டும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் உச்ச எடை பற்றிய 127ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனுடன் வந்த பரிந்துரை, வயதுவந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவை மேல்வரம்பாகக் குறித்தது. பின்வந்த ஆய்வுகள் அதையும் அதிகம் என்று காட்டின. அமெரிக்க அரசின் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தி வெளியிட்ட கணக்கீட்டு முறையில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். பிரிட்டனில் சிமெண்ட் 25 கிலோ மூட்டையில் விற்கப்படுகிறது. அங்கே சிமெண்ட் இறுகாமல் போய்விடவில்லை. மூட்டையின் எடை இயற்கையின் விதியன்று. யாருடைய வசதிக்காகவோ எடுக்கப்பட்ட முடிவு. முடிவு என்றால் அதை மாற்றவும் முடியும்.

தமிழ்நாட்டுப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். வழிநடப்பவர் பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கிவைத்து, மீண்டும் குனியாமல் எடுத்துக்கொள்ளும் உயரத்தில் அவை நிறுத்தப்பட்டன. சுமப்பவருக்கு இளைப்பாற உரிமை உண்டென்று அந்தக் கல்லை நட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய கிடங்குகளில் லாரித் தளத்தின் உயரத்துக்கு மேடை கட்டினால், தரையிலிருந்து தூக்கும் கொடுமை பாதி குறையும். அதற்கு வேண்டியது கொஞ்சம் செங்கலும் கொஞ்சம் மனமும்தான். இரண்டாவது இல்லாததால் முதலாவதும் வருவதில்லை.

இனி மிக முக்கியமான செய்தி. மூட்டையும் சிமெண்டும் உள்ளங்கையைத் தடிக்கச் செய்யும் அதேவேளையில், விரல்நுனியின் ரேகைகளைத் தேய்த்துவிடுகின்றன. நியாயவிலைக் கடையிலுள்ள கருவி மேடுபள்ளங்களைத் தேடுகிறது. தேய்ந்த விரலில் அவற்றைக் காணாமல் மறுக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது பழமொழி. இங்கே கையே எட்டவில்லை என்கிறது கருவி. சில வாரங்கள் வேலையை நிறுத்தினால் ரேகை பெரும்பாலும் திரும்ப வளரும். ஆனால் சில வாரங்கள் வேலையை நிறுத்தினால் அடுப்பு எரியாது. அதிகம் உழைத்தவருக்கே அரிசி மறுக்கப்படும் இந்த ஏற்பாட்டை யாரும் தீய எண்ணத்துடன் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. உழைக்கும் கை எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பாராதவர்கள் திட்டமிட்டார்கள் என்பதே போதும்.

ஆதாரை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்ற ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசுவாமி இதே பெங்களூருக்காரர். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு, ஆதார்ச் சட்டத்தின் 7ஆவது பிரிவை ஏற்றாலும், கைரேகை பொருந்தாத காரணத்தால் உரியவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்பதையும் வலியுறுத்தியது. கருவி மறுத்தால் தொழிலாளி தலைகுனிந்து திரும்பிவிடக் கூடாது. கருவிழிப் பதிவு, கைப்பேசிக்கு வரும் எண், பிற ஆவணங்கள் ஆகிய மாற்றுவழிகளைக் கேட்டுப் பெற வேண்டும். தனியாளாகக் கேட்கத் தயங்குபவருடன் சங்கத் தோழர் ஒருவர் கடைக்குச் செல்ல வேண்டும்.

கைரேகைக்கும் உழைப்பாளிக்கும் உள்ள பகை புதிதன்று. குற்றவாளிகளை அடையாளம் காண 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. 1930இல் கோலார் தங்கவயலில் தொழிலாளர்களின் ரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, பெரும்பாலும் தமிழ் பேசிய அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குற்றவாளியைப் போல நடத்தப்பட அவர்கள் ஒப்பவில்லை. 2001இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று விடியற்காலை ரயிலில் வேலை தேடிப் பெங்களூருக்கு வருகிறார்கள். பாட்டன்மார் ரேகை தர மறுத்துப் போராடினார்கள். பேரன்மாரோ ரேகை இல்லையென்று மறுக்கப்படுகிறார்கள்.

சட்டம் என்ன செய்தது? தீங்கு விளைவிக்கத்தக்க கனமான சுமையை எவரையும் தூக்கச் செய்யக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆவது பிரிவு கூறியது. ஆனால் அது தொழிற்சாலைக்குள் நின்றுவிட்டது. கடைவாசலுக்கும் லாரி நிற்கும் தெருவுக்கும் வரவில்லை. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்போ, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 10 தொழிலாளர்களிலிருந்து 20ஆக உயர்த்தி, இருந்த கூரையையும் சுருக்கியது.

வேறு வழி உண்டென்று போராடியவர்கள் காட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 1969இல் மாத்தாடிச் சட்டம் வந்தது. அதன்படி வாரியங்கள் அமைந்தன. சுமை தூக்க வைப்பவர் கூலியோடு ஒரு வரித்தொகையையும் வாரியத்தில் செலுத்த வேண்டும். அதிலிருந்து வருங்கால வைப்புநிதியும் விடுப்பு ஊதியமும் மருத்துவ உதவியும் கிடைக்கின்றன. கேரளத்தில் 1978இலும், தமிழ்நாட்டில் 1982இலும் சுமைப்பணித் தொழிலாளர்களுக்குச் சட்டங்கள் வந்தன. கர்நாடகத்து ஹமாலிகளுக்கும், முதலாளியின் பங்களிப்பைக் கட்டாயமாக்கும் அத்தகைய சட்டம் வேண்டும். மூட்டையின் எடை குறைய வேண்டும். கிடங்குதோறும் மேடையும், கை கழுவ நீரும், வழுக்காத கையுறையும் வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பட்டது. அதில் பாறையைப் பெயர்ப்பவர்கள் நால்வர். ஒருவரால் அது அசையாது என்பதை அவர்களின் உடல்களே சொல்கின்றன. காய்ப்பு என்பது தனி உடல் தனக்குத் தானே தேடிக்கொண்ட பாதுகாப்பு. அதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் கை கிழியும். அதற்கப்பால் தேவைப்படும் பாதுகாப்பைப் பல கைகள் சேர்ந்த சங்கம்தான் பெற்றுத் தர முடியும். இன்று மாலை உறுப்பினர் படிவத்தை நிரப்பும் தோழர்களுக்கு ஒரே ஒரு சொல். ரேகை பதியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். சங்கத்துக்கு அந்தக் கையே போதும்.