சுண்டெலியும் ஒரு தாயாரின் கேள்வியும்

(கிளைச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், நீங்க சயன்ஸ் படிச்சவர், மூளையைப் பத்தி ஏதாவது பேசுங்கோ" என்றார் நமது செயலாளர். விலங்கியல் பட்டம் வாங்கினது வாஸ்தவம்தான். ஆனால் அது 1971ல். அதற்கப்புறம் முப்பத்தாறு வருஷம் நான் பார்த்ததெல்லாம் சர்க்கார் ஃபைல்கள். ஆகவே என் தம்பியின் பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அவள் பெங்களூரில் நரம்பியலில் பிஎச்.டி. செய்கிறாள். ஐந்தாவது வருஷம் நடக்கிறது. விஷயம் ஆட்டிசம்.

ஆராய்ச்சி என்றால் மைக்ராஸ்கோப்பும் வெள்ளைக் கோட்டும் என்று நினைக்கிறோம். அவள் வாழ்க்கையில் பாதி சுண்டெலி பராமரிப்பு. ஜோடி சேர்த்து, இருபது நாள் காத்திருந்து, குட்டி பிறந்தபின் மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து, காதில் துளி சதை எடுத்து மரபணு பார்க்க வேண்டும். எட்டுக் குட்டி பிறந்தால் இரண்டுதான் பரிசோதனைக்குத் தேறும். போன தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பெரிய தாத்தா, எலிக்கு தீபாவளி தெரியாதே" என்றாள்.

மூன்று அறைகள் கொண்ட ஒரு பெட்டி. நடு அறையில் எலியை விடுவார்கள். ஒரு பக்கம் சின்னக் கம்பிக் கூண்டில் முன்பின் பார்க்காத இன்னொரு எலி. மறுபக்கம் வெறும் கூண்டு. சாதாரண எலி புதியவர் பக்கம் போய் மோந்து பார்க்கும். மரபணு மாற்றிய எலிகளில் சில அப்படிப் போவதில்லை. பத்து நிமிஷ வீடியோவை விநாடி விநாடியாகக் கணக்கெடுக்க வேண்டும். எந்த எலி எது என்று கணக்கெடுப்பவருக்குத் தெரியக் கூடாது. நம் பரீட்சைப் பேப்பருக்கு டம்மி நம்பர் போடுவார்களே, அதே சமாசாரம். ஆறு மாசம் இப்படி உழைத்து, கடைசியில் "வித்தியாசம் இல்லை" என்று வருவதும் உண்டு. அதையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும். இதற்கு உதவித்தொகை, 2023ல் உயர்த்திய பிறகு, முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. கூடப் படித்தவர்கள் ஐ.டி. கம்பெனியில் வாங்குவதை நான் சொல்ல வேண்டியதில்லை. வரன் பார்க்கிறவர்கள் "எப்போ முடிப்பா?" என்று கேட்டால் என் தம்பி மென்று விழுங்குகிறான்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு? 1943ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதன் முதல் விரிவான வர்ணனை அது. அதையடுத்து நேர்ந்தது பெரிய அநியாயம். தாயார் பாசமில்லாமல் வளர்த்ததால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்று பெரிய பெரிய நிபுணர்களே இருபது வருஷத்துக்கு மேல் சொல்லி வந்தார்கள். 1964ல் அதை எதிர்த்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், தாமே ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தகப்பனார். 1977ல் இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடியில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. சின்னக் கணக்குதான். ஆனால் வளர்ப்பைக் குற்றம் சொன்ன வாய்களை அது அடைத்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

அங்கே அடைபட்ட வாய் நம் வீடுகளில் இன்னும் அடைபடவில்லை. "வேலைக்குப் போனா, குழந்தைய யார் பார்த்தா?" "டி.வி. முன்னால உட்கார வெச்சா." இதைச் சொல்கிறவர்கள் எம்.எஸ்ஸி. படித்தவர்கள், ஸார்! தடுப்பூசியால் வந்தது என்று இன்னொரு கதை. 1998ல் அதைக் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட பத்திரிகையே 2010ல் வாபஸ் வாங்கிவிட்டது.

என் பேத்தி மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு விசேஷப் பள்ளிக்குப் போகிறாள். ஆராய்ச்சிக்காக அல்ல, சும்மா ஒத்தாசைக்கு. அங்கே ஒரு தாயார் கேட்டாராம்: "நீ இதைத்தானே படிக்கிறே, மருந்து எப்போம்மா வரும்?" பையனுக்குப் பத்து வயது. பேச்சு இல்லை.

இவளுக்குத் தெரியும், ஃப்ராஜைல் எக்ஸ் என்று ஒரு மரபணுக் கோளாறு. ஆட்டிசத்தோடு நெருங்கிய சம்பந்தம் உள்ளது. அந்தக் கோளாறுள்ள சுண்டெலிகளை ஒரு வகை மருந்து நன்றாகவே தேற்றியது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2014ல் அந்த முயற்சியை நிறுத்தினார்கள். எரிச்சலையும் கோபத்தையும் தணிக்க மருந்து உண்டு; ஆட்டிசத்துக்கே என்று நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "தெரியலை மாமி. நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள வராது. ஆனா உங்களால வந்ததில்லை, அது மட்டும் நிச்சயம்" என்றாளாம். அந்த அம்மா அழுதுவிட்டார். பத்து வருஷத்தில் ஒருவரும் அவரிடம் அதைச் சொன்னதில்லையாம்.

கேட்ட எனக்கும் தொண்டை அடைத்தது. நிற்க.

நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் இப்படிப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். உபநயனத்துக்கும் கல்யாணத்துக்கும் அழைத்து வருவதில்லை; மூத்த பெண்ணின் வரன் தட்டிப்போகுமோ என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்குகிறவர்கள் வேறு யாருமல்ல, ஜாதகம் வாங்கும்போது நாசூக்காக விசாரிக்கிற நாம்தான்.

சர்க்கார் உத்தியோகஸ்தன் என்ற முறையில் கடைசியாக இரண்டு விஷயம். 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன்கீழ் 'நிராமயா' என்ற காப்பீடு, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது. இரண்டாவது, பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனபின் சட்டப்படியான காப்பாளர் வேண்டுமானால், பெற்றோரே ஆனாலும் உள்ளூர்க் குழுவிடம் மனு செய்துகொள்ள வேண்டும். நமக்கு அப்புறம் யார் என்ற கவலைக்கு அங்கேதான் ஆரம்பம். காபிக்குப் பிறகு பின் வரிசையில் இருப்பேன். மனு எழுதிக் கொடுப்பதில் எனக்கு முப்பத்தாறு வருஷ அனுபவம். பெயர் வெளியே வராது.