அலைக்கற்றை ஏலமும் ஊர்ப்புற இணையமும்

1. சேர்த்து வைக்க முடியாத சொத்து

கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே தகவலைச் சுமந்து செல்லும் வானொலி அலைகளின் தொகுதி அலைக்கற்றை எனப்படுகிறது. நிலக்கரி, இரும்புத்தாது போல இதுவும் இயற்கை வளம். எனினும் எவ்வளவு பயன்படுத்தினாலும் இது தீராது. பயன்படுத்தாமல் சேர்த்து வைக்கவும் முடியாது. வெட்டாமல் விட்ட நிலக்கரி பத்தாண்டு கழித்தும் பூமிக்குள் அப்படியே கிடக்கும். ஓராண்டு சும்மா கிடந்த அலைக்கற்றையின் அந்த ஓராண்டுப் பயன் போனது போனதுதான்.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இந்தியாவில் இந்த வளத்தை அரசின் கையில் வைத்தன. வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச்சொத்து என்று அறுதியிட்டுக் கூறியது. சொத்து பொதுவானது என்பதில் அதன்பின் சர்ச்சை இல்லை. அதன் பயனை மக்கள் காசாகப் பெறுவதா, சேவையாகப் பெறுவதா என்பதே கொள்கையின் கேள்வி.

2. ஏலம் வந்த வழி

அலைவரிசை உரிமங்களை விற்றுவிடலாம் என்று 1959இல் பொருளியலாளர் ரொனால்டு கோஸ் எழுதினார். அமெரிக்கா அதைச் செயல்படுத்த 1994 ஆயிற்று. அந்த ஏல முறையை வகுத்தவர்களில் பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவுக்கு முன்பே, 1990இல், நியூசிலாந்து ஏலம் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டது. அங்கே குறைந்தபட்ச விலை வைக்கப்படவில்லை; வென்றவர் இரண்டாவது உயர்ந்த கேள்வித் தொகையைக் கட்டினால் போதும். 1 லட்சம் டாலர் கேட்ட ஒருவர், அடுத்தவர் 6 டாலர் மட்டுமே கேட்டிருந்ததால் 6 டாலருக்கு உரிமம் பெற்றார்.

இந்தியாவில் 1994-95இல் கைப்பேசி உரிமங்கள் விலைப்புள்ளி கோரி விற்கப்பட்டன. நிறுவனங்கள் தாங்க முடியாத தொகைகளைக் கேட்டுவிட்டுக் கட்டத் திணறின. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான கட்டணத்தைக் கைவிட்டு வருவாயில் பங்கு என்ற முறைக்கு மாறியது. 2008 ஜனவரியில் 122 உரிமங்கள் ‘முதலில் வருவோருக்கு முன்னுரிமை’ என்ற அடிப்படையில் வழங்கப்பட்டன. நாடு முழுவதற்குமான விலை 1,658 கோடி ரூபாய். அது 2001இல் கிடைத்த விலை. இதனால் ஏற்பட்ட உத்தேச இழப்பைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பல வழிகளில் கணக்கிட்டார். அம்மதிப்பீடுகள் 57,000 கோடி ரூபாய்க்கு மேல் தொடங்கி 1.76 லட்சம் கோடி வரை சென்றன. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு விடையளித்த அரசியல் சாசன அமர்வு, எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம்தான் ஒரே வழி என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை என விளக்கியது. இந்த ஒதுக்கீடு தொடர்பான குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. இருந்தும் இந்த வழக்குகளுக்குப் பின் ஏலத்தை விட்டு விலகும் துணிவு நிர்வாகத்துக்கு எளிதில் வரவில்லை.

3. விலை எதை அளக்கிறது

2010இல் நடந்த 3ஜி ஏலத்தை அருகிலிருந்து பார்த்தால் ஏலத்தின் இயல்பு புலப்படும். நாடு 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நிறுவனங்கள் தத்தம் அலுவலகக் கணினியிலிருந்தே ஏலம் கேட்டன. ஒரு வட்டத்தில் விற்பனைக்கு உள்ள அலைக்கற்றைத் தொகுதிகளைவிடக் கேட்போர் அதிகமானால் அடுத்த சுற்றில் விலை ஏறும். ஒதுங்கியிருந்து கடைசியில் நுழையலாம் என்று எண்ணினால், மேலும் கேட்பதற்கான தகுதிப் புள்ளிகள் குறையும். இப்படி 34 நாட்களில் 183 சுற்றுகள் நடந்தன. அரசுக்கு 67,719 கோடி ரூபாய் கிடைத்தது.

ஒரு தொகுதிக்கு டெல்லி வட்டம் சுமார் 3,317 கோடி ரூபாய்க்குப் போயிற்று; தமிழ்நாடு சுமார் 1,465 கோடிக்கு. ஜார்க்கண்டும் சேர்ந்த பீகார் வட்டம் சுமார் 203 கோடிக்கும், வடகிழக்கு வட்டம் 42 கோடிச் சொச்சத்துக்கும் போயின. பீகாரில் மட்டுமே 10 கோடிக்கு மேல் மக்கள் உண்டு. ஏல விலை அளந்தது மக்கள் தொகையையோ தேவையையோ அன்று. எந்த ஊரில் எவ்வளவு வசூலாகும் என்பதை. ஒரு அலைக்கற்றையை யார் நன்கு பயன்படுத்துவார் என்ற கேள்விக்கு ஏலம் நல்ல விடை தருகிறது. சேவை யாரைச் சென்றடையும் என்ற கேள்வி அதனிடம் கேட்கப்படுவதே இல்லை.

4. ஆறாண்டு காத்திருந்த 700 மெகாஹெர்ட்ஸ்

அதிர்வெண் குறையக் குறைய அலை தொலைதூரம் செல்லும். சுவரையும் எளிதாக ஊடுருவும். வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர்ப்புறத்துக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை மிகவும் ஏற்றது. குறைந்த கோபுரங்களைக் கொண்டு அதிகப் பரப்பைத் தொட்டுவிடலாம். 26 கிகாஹெர்ட்ஸ் இதற்கு நேர் எதிர். வேகம் கொட்டும், ஆனால் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

2016 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு வைத்த அடிப்படை விலை, நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 5 மெகாஹெர்ட்ஸ். ஆக 57,425 கோடி. ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் விலை 6,568 கோடியாக இறங்கியது, அப்போதும் கேட்பாரில்லை. 2022இல் 3,927 கோடி என்றானதும் ஜியோ நிறுவனம் 22 வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, ஆறாண்டு தாமதமாக அது விற்றது. கருவூலம் எதிர்பார்த்த தொகையும் வரவில்லை. ஊர்ப்புறத்துக்கு அந்த ஆறாண்டுச் சேவையும் கிடைக்கவில்லை. நியூசிலாந்தில் அடிப்படை விலை இல்லாததால் வந்த கேட்டுக்கு இது மறுமுனை.

5. வென்றவர் சுமை

2022 ஏலத்தில் அரசுக்கு 1,50,173 கோடி ரூபாய்க்குக் கேள்வி வந்தது. 2024இல் சுமார் 11,340 கோடிக்கு மட்டுமே. வாங்குவோர் எண்ணிக்கை சுருங்கியது இதற்கு ஒரு காரணம். 2010இல் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தையில் இன்று மூன்று தனியார் நிறுவனங்களும் பி.எஸ்.என்.எல்.லும் எஞ்சியுள்ளன. அலைக்கற்றைத் தவணைகளோடு, வருவாய்ப் பங்கு குறித்து 2019 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பாக்கியும் சேர்ந்துகொண்டது. 2021 செப்டம்பரில் அரசு நான்காண்டு தவணை விடுப்பு அறிவித்தது. எதிர்கால ஏலங்களில் வாங்கும் அலைக்கற்றைக்குப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நீக்கியது. வோடஃபோன் ஐடியா தரவேண்டிய தொகையில் ஒரு பகுதி 2023இலும் 2025இலும் பங்குகளாக மாற்றப்பட்டு, அரசு அதில் ஏறத்தாழ 49 சதவீதப் பங்குதாரரானது. சரக்கை விற்றவரே, கடன் வராமல், கடையில் பங்காளியாகிவிட்ட நிலை அது.

6. ஊராட்சிக்கு வந்த கண்ணாடி இழை

சந்தை போகாத இடத்துக்குச் சேவையைக் கொண்டுசெல்ல 2002 ஏப்ரல் முதல் பொதுச்சேவை நிதியம் இயங்குகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் இதற்கான வரி. பணம் முதலில் அரசின் தொகுநிதியில் சேர்ந்து, நாடாளுமன்ற ஒப்புதலோடு நிதியத்துக்கு வருவதால், வசூலுக்கும் செலவுக்கும் இடையே நெடுங்கால இடைவெளி நிலவியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதுப்பெயர் சூட்டியது.

இந்த நிதியின் பெருந்திட்டம் பாரத்நெட். 2.5 லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க 2011 அக்டோபரில் ஒப்புதல் தரப்பட்டது. முதல் லட்சம் ஊராட்சிகளை எட்டவே 2017 டிசம்பர் ஆயிற்று. வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்குக் கிளைபிரிந்து செல்லும் ஒற்றை இழைதான் தொடக்க வடிவம். சாலை அகலப்படுத்தும் ஜேசிபி ஓரிடத்தில் இழையை அறுத்தால் அதற்கப்பால் உள்ள ஊராட்சிகள் அனைத்தும் இருளும். ஊராட்சி அலுவலகச் சுவரில் பெட்டி இருக்கும், விளக்கு எரியாது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் இதை வளைய வடிவுக்கு மாற்றுகிறது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக இணைப்பு வரும். பராமரிப்புக்கும் பத்தாண்டுப் பொறுப்பு வகுக்கப்பட்டுள்ளது, 1.5 கோடி ஊர்ப்புற வீட்டு இணைப்புகள் இலக்கு. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் ஏற்றது. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியே செல்கிறது.

7. ஏலம் போகாத அலைகள்

யாரும் விலை கொடுக்காத அலைக்கற்றையும் உண்டு. வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் 2018இலும் உரிமம் தேவையற்றவை ஆக்கப்பட்டன. இதன் மேல் எழுந்ததே 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வாணி திட்டம். பழைய எஸ்.டி.டி. பூத் போல, டீக்கடையோ மளிகைக்கடையோ உரிமக் கட்டணமின்றி வைஃபை விற்கலாம். இணைப்பு வாங்கும் விலைதான் முட்டுக்கட்டை ஆனது. கடைக்காரரிடம் பெருநிறுவனங்களுக்குரிய குத்தகை இணைப்பு விலை கேட்கப்பட்டது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 200 எம்.பி.பி.எஸ். வரை வீட்டு இணைப்புக் கட்டணத்தின் இருமடங்கைத் தாண்டக் கூடாது என வரம்பு விதித்தது.

8. காசும் கடமையும்

விலையையும் சேவையையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிய நாடுகள் உண்டு. 2019 ஏலத்தில் ஜெர்மனி, 2022 முடிவுக்குள் ஒவ்வொரு மாநிலத்திலும் 98 சதவீத வீடுகளுக்கு 100 எம்.பி.பி.எஸ். வேகம் என்று நிபந்தனை வைத்தது. பிரான்ஸ் 2018இல் உரிமப் புதுப்பிப்புக்கு ஏலமே நடத்தாமல், ஊர்ப்புறச் சேவை உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டது. பிரேசில் 2021இல் ஏலத் தொகையின் பெரும்பகுதியை முதலீட்டுக் கடமைகளாக மாற்றியது. ஒரு பட்டையின் வருவாய் அரசுப் பள்ளிகளின் இணைய இணைப்புக்குப் போயிற்று.

இந்தியாவின் 2023 சட்டம் ஏலத்தைப் பொது விதியாக்கி, செயற்கைக்கோள் சேவை, பேரிடர் மேலாண்மை, பி.எஸ்.என்.எல். முதலியவற்றுக்கு நேரடி ஒதுக்கீட்டை அட்டவணையில் வைத்திருக்கிறது. வாங்கிய அலைக்கற்றையைத் தக்க காரணமின்றிச் சும்மா வைத்திருந்தால் திரும்பப் பெறவும் அது வழி செய்கிறது. இந்த விதி வாங்கியவருக்கு உரியது. கட்டுப்படியாகாத விலையால் விற்காமல் அரசிடமே கிடக்கும் அலைக்கற்றையும் அதே அளவு வீண்தான்; அடிப்படை விலையை நிர்ணயிப்போர் அந்த இழப்பையும் கணக்கில் ஏற்ற வேண்டியுள்ளது.