தரமணி வீட்டு வாசலுக்கு எந்தப் புல்?



தரமணியில் உங்க வீட்டு முன்னாலயோ, அடுக்குமாடி வளாகத்துக்குள்ளயோ கொஞ்சம் மண் தரை மிச்சம் இருக்கா? தயவுசெய்து சிமென்ட் போட்டு மூடிடாதீங்க. மழைநீர் பூமிக்குள் இறங்க அதுதான் வழி. 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. அந்த இடத்தில் புல் வளர்க்கலாம். ஆனால், எந்தப் புல்?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பத்தடி புல்தரை 5 மில்லிமீட்டர் அளவுக்கு நனைய சுமார் 46 லிட்டர் தண்ணீர் வேணும். அதாவது, மூணு வாளி. 2019 கோடை நினைவிருக்கா? ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்தோம். அப்படி ஒரு வருஷத்தையும் தாங்குற புல்தான் நமக்குச் சரி.

கொரியன் புல்: மெத்தை மாதிரி அழகா இருக்கும். மெதுவா வளர்வதால் வெட்டும் வேலை குறைவு. ஆனால், ஒரு இடத்தில் காய்ந்து போனால் மறுபடி மூட ரொம்ப நாளாகும்.

எருமைப்புல்: இலை அகலமானது. ஓரளவு நிழலையும் உப்புத் தண்ணீரையும் தாங்கும். ஆனால், அருகைவிட அதிகத் தண்ணீர் கேட்கும்.

அருகம்புல்: பிள்ளையாருக்குச் சாத்துறோமே, அதேதான். 'அருகு போல் வேரோடி' என்று பெரியவங்க வாழ்த்துவதில் உண்மை இருக்கு. கோடையில் மேலே பழுத்துப் போனாலும், மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு இருக்கும். மழை வந்ததும் துளிர்க்கும். நல்ல வெயில் மட்டும் அவசியம், நிழலில் தேறாது.

ஆகவே, வெயில் விழும் வாசலுக்கு அருகு, மரத்தடிக்கு எருமைப்புல். நடமாட்டம் குறைந்த ஓரத்தில் பொடுதலையைப் படரவிடலாம். அதன் பூவுக்குத் தேனீ வரும். வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகள் இருந்தால் கவனம்.

நடும் நேரமும் முக்கியம். ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடிச்சிடும். அதன்பிறகு தினமும் தெளிக்காமல், வாரத்தில் ஓரிரு நாள் காலையில் மண் நன்றாக நனையும்படி விடுங்க. வேர் ஆழமாகப் போகும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீங்க. துணி அலசின கடைசித் தண்ணீரே புல்லுக்குப் போதும். குடிநீரை வீணாக்க வேண்டாம்.

கோடையில் புல் கொஞ்சம் பழுத்திருந்தால் பதறாதீங்க. அது சாகலை, மழைக்குக் காத்திருக்கு.