தாய்த் தீம், சேய்த் தீம்



மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று 1954இல் எழுப்பிய பள்ளியின் பெயரை முழுதாகச் சொல்லிப் பாருங்கள்: மகாத்மா காந்தி கலாசாலை தேசிய வகை தமிழ்ப்பள்ளி. இந்தப் பெயரைக் கைப்பேசித் திரையின் உச்சியில் பாங்காக உட்கார வைக்கத் தெரிந்தவரைத்தான் நல்ல இணையத்தள வடிவமைப்பாளர் என்பேன். விலைக்குக் கிடைக்கும் தீம்களில் பல, இரண்டு சொல் ஆங்கிலப் பெயரை நம்பி வரைந்தவை. தமிழை இட்டதும் பெயர் மூன்று வரியாக மடிந்து, பக்கத்திலுள்ள பொத்தான்மேல் ஏறிக்கொள்ளும்.

தளத்தின் தோற்றத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் கோப்புத் தொகுப்புதான் தீம். தளம் கட்டும் மென்பொருளாக 2003இல் பிறந்த வேர்ட்பிரஸில் இந்த வசதி 2005 பிப்ரவரியில், 1.5 பதிப்போடு வந்தது. நம் வட்டாரத்தில் இதற்கு வேலை உண்டு. கோயில் நிர்வாகம், முன்னாள் மாணவர் சங்கம், இளைஞர் மணிமன்றம் என யார் தளம் கேட்டாலும் அறிவிப்பு, படங்கள், நன்கொடை விவரம், தொலைபேசி எண் என்று ஏறக்குறைய ஒன்றையேதான் கேட்கிறார்கள்.

சிக்கலும் அங்கேதான். கோயிலுக்குச் செய்ததை நகலெடுத்து நிறம் மாற்றிச் சங்கத்துக்கு. அதையே நகலெடுத்து மன்றத்துக்கு. பிறகு ஒரு பிழை தெரிந்தால் அத்தனை இடத்திலும் திருத்த வேண்டும். இதைச் சீரமைக்க உட்காருகிறவர் புது வடிவம் வரையத் தொடங்கக் கூடாது. எது எல்லாருக்கும் பொது, எது ஒருவருக்கு மட்டும் உரியது என்று முதலில் பிரிக்க வேண்டும். பொதுவானது தாய்த் தீமுக்கு, தனியானது அதைச் சார்ந்து நிற்கும் சேய்த் தீமுக்கு. தாயைப் புதுப்பித்தாலும் சேயில் செய்த மாற்றம் அழியாது. தோட்டத்து லயத்தில் கூரை எல்லா வீட்டுக்கும் ஒன்று, வாசல் பந்தல் அவரவர் கைவேலை, அந்தக் கணக்குத்தான். 2021இல் வந்த வேர்ட்பிரஸ் 5.8 பதிப்பு நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுத வழி செய்த பிறகு, சேய்த் தீம் சில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது.

தீமுக்குள் வைக்கக் கூடாதவையும் உண்டு. திருவிழாப் பட்டியலையும் நன்கொடையாளர் பதிவையும் தீமிலேயே கட்டிவிட்டால், தீமை மாற்றும் நாளில் அந்தப் பக்கங்கள் காணாமல் போகும். தரவுத்தளத்தில் விவரம் கிடக்கும், பார்க்க வழி இருக்காது. அவற்றின் இடம் தனிச் செருகுநிரல். வாடிக்கையாளர் வேறு ஆளிடம் போகாதிருக்கவே சிலர் இப்படிக் கட்டுகிறார்களோ என்று எனக்கு ஓர் ஐயம்.

கட்டி முடித்ததும் நிஜமான தமிழை இட்டுச் சோதிக்க வேண்டும். தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தலைப்பை ஆங்கிலப் பெரிய எழுத்தால் தூக்கிக் காட்டும் வடிவம் தமிழில் தட்டையாகிவிடும். சாய்வெழுத்தும் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இல்லை. உலாவி தானே சாய்த்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது. அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தும் நிறமும் போதும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டுவதை அறவே விடலாம். வரிகளுக்கிடையே கொஞ்சம் தாராளம் வேண்டும்.

எழுத்துருவுக்கு என் தேர்வு முக்த மலர். இலவசம், ஆங்கில எழுத்துகளும் அதே குடும்பத்தில் இருப்பதால், மலாய் முகவரி தமிழ் வரியோடு ஒட்டி நிற்கும். அதன் 7 தடிமன்களில் இரண்டை மட்டும் ஏற்றுங்கள். மீதியையும் சேர்த்தால், இணைப்பு மெதுவான தோட்டப்புறத்தில் பக்கம் திறப்பதற்குள் ஆள் எழுந்து போய்விடுவார்.