அலுவலகத்தில் அனைவர்க்கும் இடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நம்மில் பலர் அலுவலகங்களில் ஊழியம் புரிகின்றவர்கள். பொங்கலன்று இவ்வூர் அலுவலகங்கள் வழக்கம்போல் திறந்திருக்கும். ஆயினும் மத்திய அரசாங்க ஊழியர் ஒவ்வொருவரும் வரையறுக்கப்பட்ட விடுமுறைப் பட்டியலிலிருந்து ஆண்டுக்கு 2 நாட்களைத் தாமே தெரிந்துகொள்ளலாம். அவ்விதியால் நாம் பொங்கலிடுகிறோம். பார்சி அன்பர் தம் புத்தாண்டைக் கொண்டாடுகிறார். இதனால் எந்த அலுவலகமும் நின்றுவிடவில்லை.

அவரவர் நிலைக்கேற்ப இடமளிக்கும் இந்த நியாயம் உடற்குறையுடையோர்க்கு இன்னும் இன்றியமையாதது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஏனையோர்க்குச் சமமாகப் பணியாற்றத் தேவையான மாறுதல்களை, மிகையான சுமையாகாத அளவில், அரசாங்க நிறுவனங்கள் செய்துதர வேண்டும் என்கிறது அச்சட்டம். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், பார்வையற்றவர்க்கு எழுத்தைப் படித்துக்காட்டும் கணினி, செவிப்புலனற்றவர்க்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஆகியவை அத்தகைய மாறுதல்கள்.

பணியிலிருக்கும்போது கண்ணையோ காலையோ இழந்தவரின் கதி யாது? அறிவிக்கையால் விலக்களிக்கப்பட்ட பணிகள் நீங்கலாக, அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலை இயலாவிடில், அதே சம்பள விகிதத்தில் வேறு பதவி தரவேண்டும். அத்தகைய பதவி இல்லையெனில், அது கிடைக்கும்வரை அல்லது ஓய்வுபெறும்வரை மிகைப்பதவியொன்றில் வைத்திருக்கவேண்டும். இந்த விதியை அறியாமல் ராஜினாமாக் கடிதத்தில் கையொப்பமிட்டால், ஒரு குடும்பத்தின் அடுப்பே அணைந்துவிடும் அன்றோ?

எழுதும் கை முடங்கிய தேர்வர் ஒருவர்க்கு, ஊனத்தின் அளவு போதாதென்று உதவி எழுத்தர் மறுக்கப்பட்டார். 2021-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தேவையைப் பார்க்கவேண்டும், விழுக்காட்டை மட்டும் பார்த்தல் ஆகாது என்பதே அதன் சாரம்.

ஆனால், கேட்டால் ஏளனம் செய்வரோ, பதவி உயர்வு தடைப்படுமோ என்றஞ்சித் தம் குறையை மறைத்து வருந்துவோரும் உளர். அவர்களது அச்சத்தைச் சட்டம் மட்டுமே போக்கிவிடாது. பக்கத்து மேசைக்காரரின் பண்பும் வேண்டும். அதிகாரிகளாக விளங்கும் அங்கத்தினர்களே! ஓர் ஊழியரைத் ‘தகுதியற்றவர்’ என்று குறிப்பெழுதுமுன், ‘உமக்கு என்ன வசதி வேண்டும்?’ என்று ஒருமுறை கேளுங்கள். கூட்டம் நடத்தும் நம் சங்கத்திற்கும் இந்தக் கடமை உண்டு. அடுத்த ஆண்டு விழாவிற்கு மண்டபம் தேடும்பொழுது, முதலில் வாயிற்படிகளைப் பாருங்கள்.